மூன்று பக்கம் மட்டும் பார்த்த கோபுரம்

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு விருத்தாசலம் ஜங்ஷனை விட்டுக் கிளம்ப வேண்டிய சேலம் பாசஞ்சர், இன்ஜின் தண்ணீர் குடித்துவிட்டு வந்து சேர ஏழு மணியாகிவிட்டது. என் கையில் ஒரு சாக்குப் பை. அதற்குள் பூசுகிற கொல்லத்துக் கரண்டி, தூக்குக்குண்டு, ரசமட்டம், மாற்று வேட்டி ஒன்று, வைக்கோல் சுற்றிய நாலு பீங்கான் டம்ளர். டம்ளர் மட்டும் மச்சானுக்கு; மற்றதெல்லாம் அவன் சொல்லியனுப்பிய வேலைக்கு.

நான் சூளை கட்டுகிறவன். எங்கள் ஊரில் பொம்மையும் ஜாடியும் ஃபியூஸ் கட்டையும் வேகிற சூளைகளில் பலவற்றில் என் கை பட்டிருக்கிறது. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. அதற்கு மேல் தெரிந்ததெல்லாம் ரயிலிலும் டீக்கடையிலும் சனங்கள் பேசக் கேட்டுத் தெரிந்ததுதான்.

என் மனைவியின் தம்பி கலியமூர்த்தி, கச்சிராயபாளையத்துக்கு மேலே மலையில் ஒரு காவல் கோபுரத்தில் வேலை பார்க்கிறான். காட்டில் எங்கே புகை கிளம்பினாலும் உச்சியிலிருந்து பார்த்து மணி அடிக்க வேண்டும். மணி கேட்டதும் ஆட்கள் தழையோடும் மண்வெட்டியோடும் ஓடுவார்கள். ‘மாமாவ கரண்டியோட வரச் சொல்லுங்க, செவுரு வேலை இருக்குது’ என்று தேன் விற்க இறங்கியவரிடம் சொல்லி விட்டிருந்தான். என்ன சுவர், என்ன வேலை, ஒன்றும் சொல்லவில்லை.

முகாசபரூர், கூத்தக்குடி தாண்டிச் சின்னசேலத்தில் இறங்கினேன். மாசி வெயில் அப்போதே முதுகைத் தட்ட ஆரம்பித்திருந்தது. ஸ்டேஷன் வாசலில் பதினைந்து காசுக்கு ஒரு டீ. அங்கிருந்து கச்சிராயபாளையம் பஸ். கண்டக்டர் என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ரசமட்டத்தைப் பார்த்தார்.

“கொத்து வேலையா? எங்க?”

“மலைமேலங்க. தீ பாக்கற கோபுரம்.”

“அட, மலையையே சாமி மட்டம் பாக்காமதான் வச்சிருக்கு, நீங்க போயி என்னாத்த நிமுத்தப் போறீங்க?” என்று சொல்லிவிட்டு விசில் ஊதினார். பஸ்ஸே சிரித்தது. இந்த மாதிரிப் பேச்சுக்கு டிக்கெட் காசை இன்னொரு முறை கொடுக்கலாம்.

கச்சிராயபாளையத்திலிருந்து நடைதான். ஏழு மைல் என்றார் ஒருவர், பத்து என்றார் இன்னொருவர். ஏறியவன் சொல்கிறேன், பத்துதான். கீழே மூங்கில், மேலே போகப் போகத் தேக்கு. இலையெல்லாம் கொட்டி, காலடியில் அப்பளம் மாதிரி நொறுங்கியது. ஒரு பீடித் துண்டு போதும் என்று அப்போதே நினைத்தேன்.

மாலை நாலு மணி இருக்கும். பாறை முனையில் சதுரமாக ஒரு செங்கல் கோபுரம், சுண்ணாம்பு அங்கங்கே உதிர்ந்து நின்றது. கலியமூர்த்தி ஓடி வந்து பையை வாங்கினான். வாங்கிய கையோடு, “மாமா, தீப்பெட்டி இருந்தா குடுங்க” என்றான்.

“ஏன்டா, பீடி பத்த வைக்கப் போறியா?”

“இல்லிங்க. இங்க யாரு வந்தாலும் தீப்பெட்டிய கீழயே வச்சிட்டுத்தான் ஏறணும். ரேஞ்சரே வச்சிட்டுத்தான் ஏறுவாரு.”

படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடம். அதில் என் தீப்பெட்டியை வைத்தான். அடுப்பும் அவனுக்குக் கோபுரத்தில் கிடையாது. சோறு கீழே இருக்கிற மலைக் கிராமத்திலிருந்து வருகிறதாம். தீயைக் காவல் காக்கிறவன் தீயைத் தொடாமலே இருக்கிறான் என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது. அந்த வேடிக்கை உச்சிக்கு ஏறும்வரைதான்.

உச்சியில் ஓர் அறை. கிழக்கே ஒரு பெரிய ஜன்னல், வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. மூன்றிலும் தேக்கு, தேக்கு, தேக்கு, கண்ணுக்கு எட்டியவரை. நடுவில் மணி தொங்கியது. மேற்கே மட்டும் வெறும் சுவர். அதில் ஓர் ஆள் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதன்மேல் ஒரு சாக்கு. ஓட்டையின் ஓரமெல்லாம் கடப்பாரை கடித்த தழும்பு.

“இதத்தான் அடைக்கணும் மாமா.”

சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். நேர் கீழே, சரிவில், ஒரு கிராமம். புல் வேய்ந்த கூரைகள், களம், ஒரு கன்றுக்குட்டி. ஊரைச் சுற்றி ஆளுயரக் காய்ந்த புல்.

“யாருடா இத ஒடச்சது?”

“நான்தான்.”

பிறகு அவன் சொன்ன கதையை அவன் சொன்னபடியே எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பாறையில் கோபுரம் கிடையாது. பெரிய மரம் ஒன்றின்மேல் பரண் கட்டி, ஆள் உட்கார்ந்து தப்பு மேளம் அடிப்பானாம். பரணிலிருந்து நாலு பக்கமும் தெரியும். இடி விழுந்து அந்த மரம் போயிற்று. அப்போது இந்தக் காட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்த தேக்கு வியாபாரி ஒருவர் செங்கல்லில் இதைக் கட்டினார். தேக்கு எந்தெந்தப் பக்கம் நின்றதோ அந்தந்தப் பக்கம் ஜன்னல் வைத்தார்.

“மேக்க ஏன் வைக்கல?”

“மேக்க மரம் இல்லியே மாமா. சனங்கதான இருக்குது.”

நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். என் கை தானாக அந்தச் சுவரைத் தடவிப் பார்த்தது. ஒன்றரைக் கல் கனம். நல்ல கொத்தனார் கட்டிய சுவர்; எங்கும் கோணல் இல்லை. தூக்குக்குண்டு பிடித்து, மட்டம் பார்த்து, அவ்வளவு ஒழுங்காக ஓர் ஊரை மறைத்திருக்கிறான்.

குத்தகை முடிந்து காடு அரசாங்கத்துக்கு வந்த பிறகும் கோபுரம் அப்படியே நின்றது. கலியமூர்த்தி வேலைக்கு வருவதற்கு முன்னால் ஒரு பங்குனியில், மேற்குச் சரிவில் புல் பற்றிக்கொண்டது. அன்றைக்குக் காவலில் இருந்தவருக்குப் புகை வாசனை வந்திருக்கிறது. மூன்று ஜன்னலிலும் எட்டிப் பார்த்திருக்கிறார். மூன்றிலும் காடு பச்சைப் பிள்ளை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தது. யாரோ சோறாக்குகிறார்கள் என்று உட்கார்ந்துவிட்டார். புகை கோபுரத்துக் கூரையைத் தாண்டி வந்த பிறகுதான் மணி அடித்தார். அதற்குள் பாதி ஊர் போய்விட்டது.

மறுநாள் சனிக்கிழமை காலை, தூக்குப் போசியில் சோளக்களியோடு ஓர் அம்மா ஏறி வந்தார். சின்னப்பொண்ணு என்று பெயர். கலியமூர்த்திக்கு அவர்தான் சோறு தருகிறவர். நான் கொண்டுபோன பீங்கான் டம்ளர் ஒன்றைக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது மண்ணுலயா செய்யறாங்க? எங்க மண்ணுல மொளைக்கறதே பெரும்பாடு” என்று சிரித்தார். அப்புறம் என் கரண்டியைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

“அடைச்சுப்புடுவீங்களா?”

கரண்டியைப் பைக்குள் போட்டேன். அவரே சொன்னார்.

“எங்க வூட்டுக்காரருக்கு அன்னைக்குக் காய்ச்சல். உள்ள படுத்திருந்தாரு. நான் தூரத்துக் களத்துல இருந்தேன். காத்து எதிர்ப்பக்கம், பொக தெரியல. மணி அடிச்சிருந்தா காதுல விழுந்திருக்கும்ங்க. மணிச் சத்தம் அங்க நல்லாவே கேக்கும்.”

அவ்வளவுதான் சொன்னார். அழவில்லை. களி ஆறுகிறது, சாப்பிடுங்கள் என்றார்.

அவர் போன பிறகு கலியமூர்த்தி மேல் பாய்ந்தேன். “ஏன்டா, கண்ணத் தொறந்து வச்சவனே மூடச் சொல்றியே, உனக்கு நெஞ்சு இருக்குதா?”

“நான் வேலைக்கு வந்த புதுசுல அந்த அம்மாதான் கேட்டுச்சு, ‘மேலேர்ந்து எங்க ஊரு தெரியுதாப்பா’ன்னு. ஏறிப் பாத்தா செவுரு. அன்னைக்கே ஒடச்சேன். போன மாசம் அதிகாரி வந்து பாத்தாரு. மழத்தண்ணி எறங்கிக் கட்டடம் போயிடும், பிளான்ல இல்லாதத ஒடைக்க நீ யாருன்னாரு. ஜன்னல் வச்சுக் குடுங்கன்னு கேட்டேன். எழுதறேன், உத்தரவு வர்ற வரைக்கும் அடைச்சு வையி, மாசிக் கடைசிப் புதன்கிழமை நான் வரும்போது ஓட்டை இருந்தா நீ இருக்க மாட்டேன்னுட்டாரு. நான் போயிட்டா, வர்றவன் ஒடைப்பானா மாமா?”

நானும் அவனும் ஓட்டை வழியாக ஊரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

சூளை கட்டுகிறவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. எவ்வளவு பெரிய சூளையானாலும் சுவரில் ஒரு கண் வைப்போம். அந்த இடத்தில் ஒரு கல்லை மட்டும் பூசாமல் செருகி விடுவோம். நெருப்பு எப்படி இருக்கிறது, சாமான் வெந்ததா என்று அந்தக் கல்லை உருவிப் பார்த்துவிட்டு மறுபடியும் செருகுவோம். கண் இல்லாத சூளையில் எங்கள் ஊரில் எவனும் தீ மூட்டமாட்டான். அரையணா பொம்மை வேகிற சூளைக்கே கண் வைக்கிறோமே என்று நினைத்தபோதுதான், அந்தச் சுவரைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட திகைப்பு முழுசாக என்னவென்று புரிந்தது.

“மச்சான், மணல் எங்க இருக்குது?” என்று எழுந்தேன்.

அன்றைக்கே ஆரம்பித்தோம். உடைத்த செங்கல்லை அவன் ஓர் ஓரமாக அடுக்கி வைத்திருந்தான். ஓட்டையைச் சுற்றிலும் கட்டி வந்து, நடுவில் கண்ணுக்கு இடம் விட்டேன். வெளிப்பக்கம் சிறுசு, உள்பக்கம் அகலம். முகத்தை வைத்து இப்படியும் அப்படியும் திருப்பினால் ஊர் மொத்தமும் தெரியும். செங்கல் இரண்டிரண்டாகச் சேர்த்து ஒட்டி, பாறையில் தேய்த்துத் தேய்த்து, அந்த இடத்துக்கு ஒரு மூடி செய்தேன். வெளிமுகத்துக்குச் சுண்ணாம்பு பூசிக் காயவைத்தேன். உள்முகத்தில் ஒரு கெட்டிக் கம்பியை வளைத்துப் பதித்தேன், பிடித்து இழுக்க.

“கம்பி எதுக்குன்னு கேட்டா?”

“சட்டை மாட்டறதுக்குன்னு சொல்லு.” அவனுடைய காக்கிச் சட்டையை அதில் மாட்டினேன்.

புதன்கிழமை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். வயதில் சின்னவர். தீப்பெட்டியை ஒழுங்காக மாடத்தில் வைத்துவிட்டுத்தான் ஏறினார். மேற்குச் சுவரைத் தடியால் தட்டிக்கொண்டே வந்தார். தட், தட், தட். சட்டை இருந்த இடத்துக்கு வந்ததும் நின்றார். கலியமூர்த்தி மூச்சு விடுவதை நிறுத்திவிட்டான். அதிகாரி தன் தொப்பியைக் கழற்றி, சட்டைக்கு மேலே அந்தக் கம்பியிலேயே மாட்டிவிட்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

“நல்ல கை. எந்த ஊர்?”

“விருத்தாசலமுங்க. சூளை கட்டறவன்.”

“அதான் இவ்வளவு நெருக்கமா இருக்கு. ஜன்னலுக்கு எழுதியிருக்கேன் கலியமூர்த்தி. வரும், வரும்” என்றார். தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

வியாழக்கிழமை விடிந்ததும் கிளம்பினேன். வந்த வழியே போகாமல், மேற்குச் சரிவில் அந்த ஊர் வழியாக இறங்கினேன். சின்னப்பொண்ணு களத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துடைப்பத்தை நிறுத்தி, மேலே பார்த்தார். காலை வெளிச்சத்தில் கோபுரம் முழுக்க ஒரே சுவராக நின்றது.

“அடைச்சுப்புட்டீங்க” என்றார். திட்டுகிற குரல் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

“கொஞ்சம் பொறுங்கம்மா.”

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். கன்றுக்குட்டி என் பையை முகர்ந்தது. பிறகு அந்த வெள்ளைச் சுவரின் நடுவில், ஒரு மிளகளவுக்கு, கறுப்பாக ஒன்று திறந்தது.

அந்த அம்மா கையிலிருந்த துடைப்பத்தைத் தலைக்குமேல் தூக்கி ஒரு முறை ஆட்டினார். மேலே டண் என்று ஒரே ஒரு அடி, மணி. அவர் சொன்னது சரிதான். அங்கே நல்லாவே கேட்கிறது.

சாயங்காலம் ரயில் விருத்தாசலத்தை நெருங்கும்போது சூளைகள் வழக்கம்போலப் புகைந்துகொண்டிருந்தன. அந்தப் புகையைப் பார்த்தால் எனக்கு எப்போதும் வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். நாளைக்கு வேலை உண்டு என்று பொருள். அன்றைக்கு முதல் முறையாக, ஒவ்வொரு புகைக்கும் அடியில் யார் இருக்கிறார்கள் என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன். எதிரில் இருந்தவர், எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார்.

வீட்டில் காலைக் கழுவும்போதே மனைவி கேட்டாள், “என்னாங்க, தம்பி சொன்ன செவுர முழுசா அடைச்சுக் குடுத்துட்டீங்களா?”

“ஒரு கல்லு மட்டும் பூசல.”

அவள் சூளை கட்டுகிறவன் பெண்டாட்டி. “சரி, சாப்புட வாங்க” என்றாள்.