பிலோ அக்கா மறுநாள் கேட்கும் கேள்வி

அன்று காலை சிங்காநல்லூர் ஸ்டாப்பில் இறங்கும்போது பிலோமினா அக்காவின் போனிலிருந்து எனக்கு ஒரு குரல் செய்தி வந்தது. அக்கா பெயரைப் பார்த்ததும் நிம்மதியாக இருந்தது. முந்தின நாள்தான் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். படுக்கையில் இருந்துகொண்டே வழக்கம்போல எங்கிருந்தோ ஒரு வீடியோவைத் தேடிப் பிடித்து, அதைப் பற்றிப் பேசியும் அனுப்பிவிட்டார் என்று நினைத்தேன். திறக்கவில்லை. "ஓடிக்கிட்டே பாக்காத அம்மணி. டீ டைம்ல உக்காந்து பாரு" என்பது அக்கா எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தது.

கம்பெனிக்குள் போனால், பக்கத்து ஸ்டூல் சுலோசனாவுக்கும் வந்திருந்தது. அவளும் திறக்கவில்லை. "ஆஸ்பத்திரில நர்சம்மாவுக்கும் அனுப்ப ஆரம்பிச்சிருக்கும் இந்த அக்கா" என்று சுலோ சொல்ல, அதையே பேசிச் சிரித்துக்கொண்டு வேலை பார்த்தோம். டீ வந்த பிறகு, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நான்தான் முதலில் திறந்தேன். அக்காவின் குரல் இல்லை. அவர் வீட்டுக்காரர் அந்தோணி அண்ணனின் குரல்.

"அம்மணி, நா அந்தோணி பேசறேன். பிலோ போயிட்டா. விடியக்காலைல போயிட்டா. எல்லாருத்துக்கும் சொல்லிப்போடுங்க."

அண்ணனுக்கு போன் போட்டுப் பேசத் தெரியாமல் இல்லை. ஆனால் அக்கா தினமும் அழுத்திப் பேசுகிற அந்த மைக் பொத்தானைத்தான் அந்த நேரத்தில் அவர் கை தேடியிருக்கிறது. அக்கா பேச்சைக் கேட்டு நடந்ததால், அக்கா போன சேதி எங்களுக்குத் தாமதமாக வந்தது.

அக்காவைப் பற்றிச் சர்ச் பத்திரிகையான பங்கு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி அவர் மகள் ஜெஸி கேட்டாள். நான் அஞ்சாவதோடு நின்றவள். எனக்கு வந்தபடி எழுதுகிறேன். நீங்கள் அக்காவைக் கோயில் பாட்டுக் குழுவில் பார்த்திருப்பீர்கள், திருவிழாவில் பொங்கல் கிண்டும்போது பார்த்திருப்பீர்கள். நான் பார்த்தது கம்பெனியில். பம்பு மோட்டாருக்குக் காயில் இறக்குகிற வேலை எங்களுக்கு. மோட்டார் கூட்டுக்குள் வரிசையாக இருக்கிற இடுக்குகளில் பேப்பர் வைத்து, செம்புக் கம்பிச் சுருளை இறக்கி, நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். கைதான் அதில் இருக்கும், வாய் சும்மா இருக்கும். அதனால் அக்காவை எனக்கு நன்றாகத் தெரியும்.

இப்போது எல்லோரும்தான் வீடியோ அனுப்புகிறார்கள். காலையில் போனைத் திறந்தால் குரூப்பில் வந்து கொட்டிக் கிடக்கிறது. பார்க்காமலேயே அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறோம். அக்கா அப்படி ஒரு நாளும் செய்ததில்லை. குரூப்பில் எதுவும் போட மாட்டார். ஒரு வீடியோவை முதலில் தானே கடைசி வரை பார்ப்பார். இது யாருக்கு என்று யோசிப்பார். அந்த ஒருத்தருக்கு மட்டும் அனுப்புவார். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும் என்பதால், எங்கிருந்து பார்க்க வேண்டும், எங்கே நிறுத்திக்கொள்ளலாம் என்று வாயால் பேசி அனுப்புவார். ஊரே பார்த்த வீடியோ எதையும் அக்கா அனுப்பி நான் பார்த்ததில்லை. ஒரு தடவை கேட்டேன்.

"கோடிப் பேரு பாத்தத நா வேற எதுக்கு அம்மணி சொல்லோணும்? அது தானா உன்ற ஊட்டுக்கு வந்து கதவத் தட்டும். யாருமே பாக்காம ஒரு மூலைல ஒருத்தன் பாவம் எதையோ பண்ணிட்டு இருப்பான். அவனத்தான் நா தேடறது" என்றார்.

அப்படித் தேடிப் பிடித்ததுதான் அந்த மோட்டார்க்காரன் வீடியோ. எந்த நாடு என்று தெரியாது, என்ன பாஷை என்றும் தெரியாது. ஒரு ஆள் தன் கொட்டகையில் உட்கார்ந்து பழைய மோட்டார் ஒன்றுக்குக் காயில் இறக்குகிறான். அதை மட்டும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று சொல்லி, அக்கா தன் போனையே டீ டைமில் எங்கள் நடுவில் வைத்தார். அவன் பேசியது ஒன்றும் புரியவில்லை, ஆனால் கை செய்தது எல்லாம் புரிந்தது. ஒரு இடுக்கில் பேப்பர் வைக்காமல் கம்பியை இறக்கிவிட்டான்.

"அட, பேப்பர் வெய்யி சாமி" என்று சுலோ போனைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"நீ கத்துனா அவனுக்குக் கேக்குமாக்கு?" என்றார் அக்கா.

"பொகையப் போறான் பாருங்க்கா."

அவன் எல்லாவற்றையும் கட்டி முடித்து, கேமராவைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்து, சுவிட்சைப் போட்டான். புகைந்தது. காலடியில் படுத்திருந்த அவன் நாய் எழுந்து ஓடிவிட்டது. நாங்கள் சிரித்த சிரிப்பில் சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். நான் போனை எடுக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "இரு. இனித்தான் இருக்குது" என்றார். அந்த ஆள் கொஞ்ச நேரம் மோட்டாரையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு உட்கார்ந்து, கம்பி அத்தனையையும் பிரித்து எடுத்து, பேப்பர் வெட்டி வைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தான். "பிரிச்சான் பாரு, அதுக்காகத்தான் காட்டுனேன். மத்தவங்க எல்லாம் அந்த எடத்த வெட்டிப்போட்டுத்தான் போடுவாங்க" என்றார்.

அனுப்பியதோடு அக்கா விட மாட்டார். மறுநாள் ஒரு கேள்வி கேட்பார். பார்த்தவர்களால் மட்டும் பதில் சொல்ல முடிகிற கேள்வி. சுலோ ஒரு தடவை பார்க்காமலேயே பார்த்தேன் என்று சொல்லி மாட்டிக்கொண்டாள்.

"சூப்பருங்க்கா. வயிறு வலிக்கச் சிரிச்சுப்போட்டேன்."

"அப்புடியா கண்ணு? அந்த மீன் புடிக்கறவன் தொப்பி என்ன நெறம்?"

சுலோ கொஞ்சம் யோசித்து, "செகப்புங்க்கா" என்றாள்.

"அவன் தொப்பியே போடல."

"காத்துல பறந்திருக்கும்ங்க்கா" என்றாள் சுலோ. அன்று முழுக்க அக்கா அவளைத் தொப்பிக்காரி என்றுதான் கூப்பிட்டார். அன்றைக்குச் சாயங்காலமே சுலோ பஸ்ஸில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரர் இறந்து போன சமயத்தில் என் போனில் என்னென்னவோ வந்து சேர்ந்தது. விளக்குப் படம், பூப் படம், ஆத்துமா எங்கே போகிறது என்று ஒரு சாமியார் பேசுவது, சோகப் பாட்டு. அனுப்பியவர்கள் எல்லோரும் நல்ல மனதோடுதான் அனுப்பினார்கள். எனக்கு எதையும் பார்க்கப் பிடிக்கவில்லை. காரியம் முடிந்து வேலைக்கு வந்தேனே தவிர, யாரோடும் பேசவில்லை. கம்பெனி விட்டால் வீடு, வீட்டுக்குப் போனால் கதவைச் சாத்திக்கொள்வேன். அக்கா மட்டும் எனக்கு ஒன்றும் அனுப்பவில்லை. என்னைப் பேச வைக்கவும் பார்க்கவில்லை. என் டீயை வாங்கி ஆற்றி என் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

ரொம்ப நாள் கழித்து ஒன்று வந்தது. கூடவே அவர் குரல். "மொதல்ல கொஞ்ச நேரம் வெறும் பனிதான் அம்மணி, அத ஓட்டிரு. அந்தப் பொம்பள கொட்டாய்க் கதவத் தொறக்கறதுல இருந்து பாரு."

குளிர் நாடு ஒன்றில் வாத்து வளர்க்கிற ஒரு பெண் காலையில் கதவைத் திறக்கிறாள். ராத்திரியெல்லாம் பனி பெய்து வெளியே வெள்ளையாகக் கிடக்கிறது. வாத்துகள் எல்லாம் வரிசையாக வாசல் வரை வந்து, முதல் வாத்து பனியில் கால் வைத்ததும், ஒன்றுபோலத் திரும்பி உள்ளே போய்விடுகின்றன. அவள் கெஞ்சுகிறாள், தீனியைக் காட்டுகிறாள். உள்ளேயிருந்து சத்தம் மட்டும் வருகிறது. நான் வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். பார்த்து முடித்துத் திரும்பவும் பார்த்தேன்.

மறுநாள் அக்கா காயிலை இறக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார். "அந்தக் கடைசி வாத்து வெளிய வந்துச்சா வல்லியா?"

"வந்துச்சுங்க்கா. கால நனச்சுப் பாத்துப்போட்டு, திருப்பி உள்ள போயிருச்சு."

"ஏனாம்?"

"குளுருதாமா."

சொல்லிவிட்டு நான் சிரித்தேன். சிரித்தது அழுகையாகப் போயிற்று. சுலோ என் கையிலிருந்த காயிலை வாங்கிக்கொண்டாள். அதற்கப்புறம்தான் நான் பழையபடி மனுஷியாக நடமாட ஆரம்பித்தேன். பல மாதம் கழித்து, அன்றைக்கு அந்த வாத்து வீடியோவை எப்படி எனக்கென்று பொறுக்கி எடுத்தீர்கள் என்று கேட்டேன். அக்காவுக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை.

"வாத்தா உன்ற துக்கத்த ஆத்தும்? நாளைக்கு நா கேக்கறப்ப நீ வாயத் தொறக்கோணுமல்ல, அதுக்குத்தான் அனுப்புனேன்" என்றார்.

அக்காவின் முப்பதாம் நாள் பூசைக்கு நாங்கள் எல்லோரும் வந்திருந்தோம். சாப்பிட்ட பிறகு அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசியபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. ஒருத்திக்கு வந்தது இன்னொருத்திக்கு வரவில்லை. பாட்டுக் குழுப் பெண் ஒருத்திக்குப் பாடத் தெரியாத பாதிரியார் ஒருவர் தனியாக உட்கார்ந்து பாடிப் பழகுகிற வீடியோ. சுலோவுக்கு, சோபாவை விட்டு இறங்க மாட்டேன் என்கிற சேவலோடு ஒரு ஆள் தினமும் சண்டை போடுகிற வீடியோ. "இது என்ற மாமியார நெனச்சு அனுப்புனதுங்க. இப்பத்தான் எனக்கு வெளங்குது" என்று சுலோ சொல்ல, துக்க வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

அந்தோணி அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஜெஸி என்னைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னாள்.

"அடக்கம் முடிஞ்சதுல இருந்து அப்பா பேசறதே இல்லீங்க்கா. சத்தியமங்கலத்துல எங்க ஊட்டுக்கு வாங்கப்பானு கூப்புட்டா, வாரேன்னும் சொல்றதில்ல, வல்லீன்னும் சொல்றதில்ல. சோறு வெச்சா வெச்சபடி ஆறிக் கெடக்குது. அம்மா போன மட்டும் மறக்காம சார்ஜ் போட்டு வெக்கறாரு. இவர இப்புடித் தனியா உட்டுப்போட்டு நா எப்புடிங்க்கா போறது?"

திரும்பி வரும்போது சுலோவிடம் சொன்னேன். அவள் நடந்துகொண்டே, "நீ அனுப்பு பழனி" என்றாள்.

"நானா?"

"பின்ன, அக்கா வந்தா அனுப்பும்?"

அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று தேடிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. போன் தானாகக் காட்டுவது எல்லாம் எல்லோருக்கும் காட்டுவது. மனைவியை இழந்தவர்களுக்கு ஆறுதல் என்று ஒருவர் பேசினார், பாதியிலேயே நிறுத்திவிட்டேன். ஒன்று நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, கடைசியில் ஒரு ஆஸ்பத்திரி வந்துவிட்டது. முழுசாகப் பார்க்காமல் அக்கா ஏன் எதையும் அனுப்பியதில்லை என்பது அப்போது விளங்கியது. அண்ணன் திம்பம் மலைப் பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அதை நினைத்து, மலை, பஸ் என்று போனிடம் வாயால் சொல்லிச் சொல்லித் தேடினேன். கிடைத்தது. எங்கேயோ ஒரு குறுகலான மலை ரோட்டில், ஒரு வளைவில், நீல பஸ்ஸும் மஞ்சள் பஸ்ஸும் எதிர் எதிரே வந்து நிற்கின்றன. வழி சொல்ல வந்த பச்சைக் குடைக்காரன் கத்தியும் யாரும் பின்னால் எடுப்பதாக இல்லை. இரண்டு பஸ் சனமும் இறங்கி டீ போட்டுக் குடிக்க ஆரம்பிக்கிறார்கள். கடைசி வரை பார்த்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அக்காவின் நம்பருக்கே அனுப்பினேன். மைக் பொத்தானை அழுத்திப் பேசினேன். "அண்ணா, பழனியம்மாங்க. மொதல்ல வெறும் ஆடுகதானுங்க, அத ஓட்டிருங்க. பச்சக் கொடை வர்றதுல இருந்து பாருங்க." பதில் வரவில்லை. மறுநாள் டீ டைமில் அக்கா மாதிரியே கேட்டு அனுப்பினேன். "அண்ணா, கடைசில பின்னால எடுத்தது எந்த பஸ்ஸுங்க?" அதற்கும் பதில் வரவில்லை. மீண்டும் காயிலைக் கையில் எடுத்துக்கொண்டோம்.

வேலை விடப் போகிற நேரத்தில் போன் சிணுங்கியது. பிலோ அக்கா என்று பெயர் வந்தது. சுலோவும் நானும் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும், டீ டைமில்தான் பார்க்க வேண்டும் என்றால் நாளை வரை ஆகும். என்னால் முடியவில்லை. திறந்தேன்.

"நீல பஸ்ஸுதான் அம்மணி. ஆனா எடுத்த லட்சணத்தப் பாத்தியா? கண்ணாடியவே பாக்கறதில்ல. பின்னால நின்னு கொடைக்காரன் சொல்றதக் கேட்டே எடுக்கறான். திம்பத்துல இப்புடி எடுத்தா மூணாவது வளைவுலயே அவன் கத முடிஞ்சிருக்கும்." நடுவில் ஜெஸியின் குரல் கேட்டது. "அப்பா, சோறு ஆறுதுங்க." "இரு கண்ணு, பேசிட்டிருக்கறேன்ல" என்று அவளிடம் சொல்லிவிட்டு, திரும்பவும் என்னிடம் வந்தார். "பிலோ பாத்திருந்தா அவளுக்குப் புடிச்சிருக்கும். வேற இருந்தா அனுப்பு."

சுலோ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடுத்தது என்ன அனுப்பப் போற?" என்றாள்.

அக்கா எனக்கு அனுப்பிய வீடியோக்கள் போனில் இருக்கின்றன. போன் போனால் அவையும் போய்விடும். அவர் என்னிடம் விட்டுப் போனது வேறு. ஒருத்தருக்கு ஒன்று அனுப்ப வேண்டுமானால், அதற்கு முன் அந்த ஒருத்தரை நினைத்துக்கொண்டு அதைக் கடைசி வரை உட்கார்ந்து பார்க்க வேண்டும். மறுநாள் மறக்காமல் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இவ்வளவுதான். என்னை வீட்டை விட்டு வெளியே கொண்டுவந்தது இதுதான். அதற்காக நான் அக்காவுக்குக் கடமைப்பட்டவள்.

அண்ணனுக்கு இன்றைக்கு இன்னொன்று பார்த்து வைத்திருக்கிறேன். அதில் ஒரு பாலமும் ஒரு யானையும் வருகின்றன. பாதிதான் பார்த்திருக்கிறேன். மிச்சத்தையும் பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும்.