முடிச்சக்காவின் கட்டைவிரல்

துணி ஆலையில் என் அக்காவுக்கு முடிச்சக்கா என்றுதான் பெயர். நெய்து வரும் வெள்ளைத் துணியில், கண்ணுக்கே படாத முடிச்சை அவளுடைய வலது கட்டைவிரல் கண்டுபிடித்துவிடும். பதினெட்டு வருடம் அந்த விரலை நம்பித்தான் நாங்கள் இருவரும் சாப்பிட்டோம்.

சரக்கு லிஃப்டின் இரும்புக் கதவு அந்த விரலைத்தான் தேடிப் பிடித்து நசுக்கியது. நுனிச் சதை போய்விட்டது. நகம் பிய்ந்து தொங்கியது. டாக்டர் மோதிரவிரலின் பக்கவாட்டிலிருந்து கொஞ்சம் சதையை நரம்போடு எடுத்து, உள்ளங்கைத் தோலுக்கு அடியிலேயே கொண்டுவந்து கட்டைவிரலில் வைத்துத் தைத்தார்.

“நரம்பு பழைய நரம்புதானேம்மா. கட்டைவிரலத் தொட்டா மோதிரவிரலத் தொட்ட மாதிரி இருக்கும். பழகிக்கணும்” என்றார். நான் மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டே இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டேன்.

அக்கா அழவில்லை. வலிக்கிறதா என்றால் “ம்” என்பாள். சாப்பாடு போட்டால் சாப்பிடுவாள். நகம் கொக்கிபோல் வளைந்து முளைத்தது. அதையும் யாருடைய நகத்தையோ பார்ப்பதுபோல் பார்த்தாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

எட்டாவது மாதம் ஆலையில் சோதித்துப் பார்த்தார்கள். தேறினால் பழைய மேசை, இல்லையென்றால் வீடு. நானும் கூடப் போயிருந்தேன். துணி ஓடியது. கட்டைவிரலால் தடவி, இருந்த மூன்று முடிச்சுக்கும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினாள். மூன்றும் நாலு விரல் தள்ளி.

“முடிச்சு இங்க இருக்கு, நீங்க அங்க ஒட்டியிருக்கீங்களேக்கா” என்றார் சூப்பர்வைசர்.

“எனக்கு அங்கதான் இருந்துச்சு.”

இனி வர வேண்டாம் என்றார்கள். சரி என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் பொரிந்து தள்ளினேன். “பார்த்து ஒட்டத் தெரியாதா? பதினெட்டு வருஷ வேலை போச்சேக்கா.” அவள் புடவை மாற்றப் போனாள். அந்தக் கொக்கி நகம் புடவையில் மாட்டிக்கொண்டு நின்றது. கையை இழுத்து வைத்து நகவெட்டியால் வெட்டினேன். கோபத்தில் அடிச் சதையும் சேர்ந்து வெட்டுப்பட்டுவிட்டது.

வெடுக்கென்று கையைப் பிடுங்கிக்கொண்டாள். கட்டைவிரலிலிருந்து ரத்தம் தரையில் சொட்டியது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. மோதிரவிரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.

எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. “எங்க வலிக்குதுக்கா?” என்றேன்.

வாயிலிருந்து எடுத்து நீட்டினாள். “இங்க.”

அந்த விரலில் ஒரு கீறல்கூட இல்லை.