பனிக்குள்ளிருந்து வந்த அரோகரா

முருகனடியார்களே, இதை நான் பலரிடம் வாயால் சொல்லியிருக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

1978, மார்கழி மாதம். என் கணவருக்கு டெல்லியில் அரசாங்க வேலை. மோதி பாக்கில் குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் எங்களை வரச் சொல்லிவிட்டார். நான் அதுவரை திருநெல்வேலிச் சீமையைத் தாண்டியவள் இல்லை. மகள் வள்ளிக்கு நான்கு வயது. மகன் கைக்குழந்தை. பச்சைப்பிள்ளையோடு இத்தனை தூரம் ரயிலில் வேண்டாம் என்று என் அண்ணன்தான் மெட்ராசிலிருந்து பிளேன் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்.

அந்த வருஷம்தான் டெல்லியில் பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கொன்றுவிட்டார்கள் என்ற செய்தி ஊர்ப் பேப்பரில் எல்லாம் வந்திருந்தது. எனக்கு அதே நினைப்பு. “ஏர்போர்ட்டில் நான் நிற்பேன், நான் வராமல் எந்த வண்டியிலும் ஏறாதே” என்று அவரும் எழுதியிருந்தார்.

பிளேன் ரொம்பத் தாமதம். நடுராத்திரியில் இறங்கிப் பார்த்தால் அவரைக் காணோம். இன்றைக்குப் பிளேன் வராது என்று யாரோ சொன்னதை நம்பி அவர் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார். வீட்டில் போன் கிடையாது. பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். விடியட்டும், விடிந்தால் பயமில்லை என்று நினைத்தேன்.

விடிந்தது. ஆனால் வெளியே வந்தால் உலகத்தையே காணவில்லை. அப்படி ஒரு பனியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வேறு வழியில்லாமல் ஒரு சர்தார்ஜியின் டாக்சியில் ஏறி, மனப்பாடம் செய்து வைத்திருந்த விலாசத்தைச் சொன்னேன். அவர் ஜன்னல் வழியே தலையை வெளியே நீட்டிக்கொண்டு வண்டியை ஊர்ந்து ஓட்டினார். அடிக்கடி நிறுத்தி இறங்கிப் பார்த்தார். இந்தியில் ஏதோ கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் இறங்கும்போதெல்லாம் எங்கள் கதை முடிந்தது என்றே நினைத்தேன். திருச்செந்தூர் விபூதிப் பொட்டலத்தை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு மனசுக்குள் முருகா, முருகா என்று சொன்னபடி இருந்தேன்.

ஒருவழியாக நிறுத்தினார். “மோதி பாக், பெஹன்ஜி.” டிரங்குப் பெட்டியை ரோட்டில் இறக்கி வைத்து, ஒரு பக்கமாகக் கையைக் காட்டினார். அந்தக் கையே அரைகுறையாகத்தான் தெரிந்தது. இறங்கியதும் எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. “வள்ளி, அப்பா வீடு வந்துட்டு பாத்தியா!” என்றேன். தூங்கிய மகனைத் தோளுக்கு மாற்றினேன். டாக்சி கிளம்பிவிட்டது. திரும்பினேன்.

வள்ளியைக் காணவில்லை.

டாக்சியில்தான் இருக்கிறாள், கொண்டு போய்விட்டான் என்றே நினைத்தேன். வண்டி போன திசை எது என்றுகூடத் தெரியவில்லை. நாலு பக்கமும் வெள்ளையாக இருந்தது. கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு சுவர், ஒரு சாத்திய கதவு. தட்டினேன், திறக்கவில்லை. அடுத்ததும் அதே மாதிரி சுவர், அதே மாதிரி கதவு. மகன் விழித்து வீறிட்டான். “வள்ளி” என்று கூப்பிட்டால் குரலே வரவில்லை. நடுரோட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதுவரை மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்த பெயர் அப்போதுதான் வாய்விட்டு வந்தது.

“முருகா!”

“அரோகரா!”

பனிக்குள்ளிருந்து வந்தது. ஒரு குரல் இல்லை, பல குரல்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மறுபடியும் கத்தினேன். “முருகா!” மறுபடியும் “அரோகரா!”, இன்னும் கிட்டத்தில். ஜால்ரா சத்தமும் கேட்டது. நான் கூப்பிடக் கூப்பிட அவர்கள் பதில் சொல்லிக்கொண்டே வந்தார்கள். முதலில் ஒரு விளக்கு தெரிந்தது. அப்புறம் மங்கி குல்லாவும் சால்வையுமாகப் பத்துப் பதினைந்து பேர். நம் காலனித் தமிழர்களின் மார்கழி பஜனை. முன்னால் வந்த ஒரு மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, தலையோடு அவருடைய சால்வையைப் போர்த்திக்கொண்டு, என் வள்ளி!

“ஏன்டிம்மா, இது உன் கொழந்தையா? ஜால்ரா சத்தத்தக் கேட்டுண்டு வந்து நிக்கறா. எங்கப்பா வீடு எதுன்னு எங்களக் கேக்கறா” என்றார் மாமி. நான் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் அவரும் அழுதுவிட்டார். அப்பா வீடு என்று நான் சொன்னதும், இவள் அப்பாவைத் தேடிக் கிளம்பியிருக்கிறாள்.

அவர்களே பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்களை இரண்டு வரிசை தள்ளியிருந்த வீட்டில் சேர்த்தார்கள். கதவைத் திறந்த என் கணவர், “ஏளா, நீ எப்படி வந்தே?” என்றபடியே வள்ளியைத் தூக்கிக்கொண்டார்.

பிற்பாடு மாமியிடம் கேட்டேன், யாரென்று தெரியாமலே ஏன் பதில் சொன்னீர்கள் என்று. “யாரு முருகான்னாலும் எங்க வாய் தானா அரோகரான்னுடும். பழக்க தோஷம்” என்று சிரித்தார். அவருக்கு அது பழக்கம். எனக்கு அது அவன் குரல். அந்தப் பனியிலும் எங்களைப் பத்திரமாகக் கொண்டு வந்த சர்தார்ஜியை அனுப்பியவனும் அவன்தான்.

அடுத்த நாளே பஜனையில் சேர்ந்துகொண்டேன். இன்றுவரை ஒரு மார்கழியும் விட்டதில்லை. பயத்தில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மனசுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். வெட்கப்படாமல் வாய்விட்டு அவனைக் கூப்பிடுங்கள்.

பனி அதிகமான நாட்களில், ஒவ்வொரு வீட்டு வரிசை முடிவிலும் கொஞ்ச நேரம் பாட்டை நிறுத்தச் சொல்வேன். புதிதாக வந்தவர்கள் ஏன் என்று கேட்பார்கள். யாராவது கூப்பிடுகிறார்களா என்று கேட்கத்தான்.