கதவைக் காத்த எர்மீனியோ

ஆர்கோ என்ற எங்கள் மலையடி ஊரில் எர்மீனியோவை நல்லவர் என்று சொல்லாத வாயில்லை. நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அந்த நல்ல குணம் ஒரு பெண்ணை என்ன பாடு படுத்தியது என்பதைக் கிட்டேயிருந்து பார்த்தவன் நான். அதனால் சொல்லும்போது எனக்கு வாய் கசக்கும்.

காசநோய் மருத்துவமனைகளால் பிழைத்த ஊர் இது. அவற்றில் ஒன்றில் எர்மீனியோ வாயிற்காவலராக இருந்தார். கெட்ட செய்தி கேட்டால் நோயாளிக்குக் காய்ச்சல் ஏறும் என்று டாக்டர்கள் சொல்லிவைத்திருந்தார்கள். வீட்டில் யார் செத்தாலும் தந்தி முதலில் எர்மீனியோவின் சட்டைப்பைக்குத்தான் போகும். காய்ச்சல் இறங்கிய பிறகு அருகில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார். சிலருக்குச் சொல்லவேண்டிய அவசியமே வராமல் போயிற்று.

மருத்துவமனைகள் மூடின. ஊர் ஈயோட்டிக்கொண்டிருந்த நாளில் பாறையேறிகள் வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் போட்டி வந்தது. பாறையில் போட்டியா, கேவலம் என்று அறிக்கை விட்ட சூரர்களில் சிலர், மறு வருஷமே முதுகில் எண் குத்திக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஆரம்பத்தில் நிஜப் பாறையில்தான் ஏறினார்கள். கை வைக்க இடமில்லாத இடத்தில் உளியால் கொத்திக் குழி பறித்தார்கள். அப்புறம் வெட்கம் வந்து பலகைச் சுவர் கட்டி, அதில் பிடிகளைத் திருகாணி போட்டு முடுக்கினார்கள்.

ஒரு விதி மட்டும் மாறவில்லை. ஒருவர் ஏறுவதை அடுத்தவர் பார்க்கக்கூடாது, பார்த்தால் வழி தெரிந்துவிடும். அதனால் எல்லோரையும் காலையிலேயே ஒரு கூடத்தில் அடைப்பார்கள். வெளிப்பேச்சு உள்ளே போகாது. பாதியில் வெளியே வந்தவர் திரும்ப நுழைய முடியாது. அந்தக் கதவுக்கு ஆள் தேடியபோது ஊரே எர்மீனியோவைக் கைகாட்டியது.

அந்த வருஷம் இறுதிச் சுற்றில் கவலேசே ஊர்ப் பெண் நீவெஸ் இருந்தாள். அவளுக்கு அப்பா இல்லை, கூடப்பிறந்தவர் இல்லை. இருந்த ஒரே அம்மாவும் நெஞ்சு நோயோடு ஆஸ்பத்திரியில். மதியம் நான் என் வண்டியிலிருந்து ரொட்டிக் கூடைகளை இறக்கும்போது கதவருகே டெலிபோன் அடித்தது. எர்மீனியோ கேட்டுவிட்டு மெதுவாக வைத்தார்.

“என்னவாம்?” என்றேன்.

“நீவெஸோட பக்கத்து வீட்டம்மா. அவ அம்மாவுக்கு ரொம்ப முடியலையாம். உடனே வரச் சொல்றாங்க.”

“அப்போ கூப்பிடுங்க. என் வண்டி வெளியதான் நிக்குது.”

“கடைசியா ஏறுறவ அவதான். இன்னும் ஒரு மணி நேரம். இப்போ சொன்னா போட்டியும் போச்சு, மனசும் ஒடஞ்சு போகும். ஏறி இறங்கட்டும், நானே பக்குவமா சொல்றேன்.”

“எர்மீனியோ, இது உங்க பழைய ஆஸ்பத்திரி இல்ல.”

“தெரியும்டா. நீ ரொட்டியைப் பாரு.”

நடுவரிடம் ஓடினேன். கதவு எர்மீனியோவின் பொறுப்பு என்று சொல்லிவிட்டு அந்த மகராசன் பென்சில் சீவினார்.

அப்புறம் மழை பிடித்தது. சுவரைத் துணியால் துடைத்தார்கள், மறுபடி நனைந்தது, மறுபடி துடைத்தார்கள். ஒரு மணி நேரம் என்றது சாயங்காலம் ஆயிற்று. நான் போய்க் கேட்கும்போதெல்லாம் எர்மீனியோ “இதோ, இப்போ” என்றார். உள்ளே நீவெஸ் வாழைப்பழம் தின்றுகொண்டு, யாரோ சொன்ன நகைச்சுவைக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை.

உச்சிப் பிடியைத் தொட்டவள் அன்று அவள் ஒருத்திதான். கோப்பையோடு இறங்கிவந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு எர்மீனியோ பக்குவமாகத்தான் சொன்னார்.

“போன் எப்போ வந்துச்சு?” என்று அவள் கேட்டாள்.

“மத்தியானம்மா.”

அவள் கையை உருவிக்கொண்டாள். என் வண்டியில் வழி நெடுக, பிடி வழுக்காமலிருக்க விரலில் பூசியிருந்த வெள்ளைப் பொடியைக்கூட அவள் துடைக்கவில்லை. நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கட்டிலுக்கு வேறு விரிப்புப் போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டம்மா அவளைக் கட்டிக்கொண்டு, “உங்கம்மா பொழுது சாயற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாடி” என்றாள்.

மறு வருஷம் நம்பகமான ஆள் என்று எர்மீனியோவுக்குக் கேடயம் கொடுத்து, அதே கதவில் உட்காரச் சொன்னார்கள். அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் நீவெஸ் வருவாள், ஒரு வார்த்தை சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றுதான் வந்தார். காலையிலிருந்து தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார்.

அவள் வந்தாள். எர்மீனியோ எழுந்து நின்றார்.

“ஏம்மா நீவெஸ், அன்னைக்கு நான்...”

“கதவை நல்லாச் சாத்திக்குங்க” என்றாள் அவள். “இனிமே எனக்கு போன் பண்ண யாரும் இல்ல.”

அவர் சாத்தினார். அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அந்த மனிதர் அழுதாவது தீர்த்திருப்பார்.