யசோதா துடைத்த நாமம்

பெங்களூர் ஈஜிபுராவில் யசோதாவின் வீட்டு வாசலில் மாவிலையும் கிடையாது, சிலுவையும் கிடையாது. புதிதாகக் குடிவருகிறவர்கள் எப்படியும் ஒருநாள் கேட்பார்கள். "பௌத்தம்" என்பாள். "அப்ப சீனாக்காரங்க மாதிரியா?" என்று சிரிப்பார்கள். முப்பது வருடமாக அதே சிரிப்பு.

அவளுடைய அப்பா கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளி. மூன்று தலைமுறையாகத் தமிழ் பௌத்தர்கள். கல்யாணமாகி பெங்களூர் வந்தபோது, பிரேசர் டவுனில் ஒரு வாடகை ஹாலில் ஞாயிறுதோறும் கூட்டம் நடக்கும். உட்கார இடமிருக்காது. முன்வரிசையில் நின்று புத்தரின் ஐந்து நெறிகளான பஞ்சசீலத்தைச் சொல்லிக்கொடுத்தவர் அவள் கணவர் நாராயணசாமி, தொழிற்சாலை ஃபிட்டர்; நாமம் போடும் குடும்பத்தில் பிறந்து தானாகப் பௌத்தத்துக்கு வந்தவர்.

அதே மனிதர்தான் மகன் பிறந்தபோது ராகுலன் என்ற புத்தர் மகனின் பெயர் வேண்டாம் என்றார். "ஸ்கூல்ல முதல் நாளே எவனும் என்ன ஏதுன்னு கேக்கக்கூடாது." உமேஷ் என்று வைத்தார். அட்மிஷன் ஃபாரத்தில் மதம் என்ற இடத்தில் இந்து என்று அவரே எழுதினார். "பேப்பர்லதானே யசோதா?" அவளும் பேசாமல் இருந்துவிட்டாள்.

உமேஷ் படித்தான். ஐ.டி. வேலை, அபார்ட்மெண்ட், கன்னடப் பெண் ரக்ஷிதாவோடு கல்யாணம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அவன் கடைசியாக வந்தது பத்தாம் வகுப்பில்.

போன பிப்ரவரியில் நாராயணசாமி ஆஸ்பத்திரியில் கிடந்தார். மகனையும் மனைவியையும் பக்கத்தில் கூப்பிட்டார். "நெத்தியில எதையும் பூசாதீங்க. வெள்ளைத் துணி, பஞ்சசீலம். அவ்வளவுதான்." உமேஷ் தலையாட்டினான். நான்காம் நாள் போய்விட்டார்.

உடலை உமேஷின் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் வைத்திருந்தார்கள். புடவை மாற்ற மேலே போன யசோதா, கீழே சங்குச் சத்தம் கேட்டு ஓடிவந்தாள். சாவுச் சடங்கு செய்யும் தாசரி ஒருவர் சங்கு ஊதிக்கொண்டிருந்தார். பிணத்தின் நெற்றியில் பளிச்சென்று நாமம். பக்கத்தில் நாராயணசாமியின் அண்ணன் முனிகிருஷ்ணன், நாமம் குழைத்த கிண்ணத்தோடு.

"மாமா, அவர் வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."

"நம்ம அப்பனுக்குப் போட்டோம், தாத்தனுக்குப் போட்டோம். இவன் மட்டும் அநாதையா போகணுமா?"

அவள் மகனைப் பார்த்தாள். அவன் சுற்றி நின்ற அபார்ட்மெண்ட்காரர்களைப் பார்த்தான். "அம்மா, எல்லாரும் பாக்கறாங்க. சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றான் கன்னடம் கலந்து.

யசோதா உட்கார்ந்து முந்தானையால் நாமத்தைத் துடைத்தாள். வெள்ளை போனது; சிவப்பு மட்டும் தோலில் ஒட்டிக்கொண்டது. எச்சில் தொட்டுத் துடைத்தாள். "ஐயோ, என்னடி இது!" என்று யாரோ கத்தினார்கள். அவள் பஞ்சசீலம் சொல்ல ஆரம்பித்தாள். தோழி சங்கமித்ரா, பிரேசர் டவுனிலிருந்து வந்திருந்த ரிடயர்ட் டீச்சர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சேர்ந்து சொன்னாள். தாசரி சங்கைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார்.

மயானத்துக்குப் பெண்களைக் கூட்டிப்போகவில்லை. மூன்றாம் நாள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோக்கள் வந்தன. குழிக்குப் பக்கத்தில் வைத்த உடல். நெற்றியில் மறுபடியும் நாமம், முன்னைவிடத் தடிமனாக.

"மறுபடி நாமத்தை யாருடா போட்டது?"

"பெரியப்பா" என்றான் உமேஷ்.

"நீ பாத்துக்கிட்டு நின்னியா?"

"அப்பாவே என்னை இந்துன்னுதானே எழுதினாரு. இத்தனை வருஷம் நீயும் எதுவும் சொல்லலை. திடீர்னு இப்ப என்னம்மா?"

யசோதாவுக்கு மகன் மேல் வந்த கோபத்தைவிட, செத்தவர் மேலும் தன் மேலும் வந்த கோபம் பெரிதாக இருந்தது. யாரும் விரட்டவில்லை, யாரும் அடிக்கவில்லை. தாங்களாகவே கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டார்கள். குரூப்பிலிருந்து வெளியேறினாள்.

அந்த வாரமே சங்கமித்ரா வீட்டுக்குப் போய் ஒரு கடிதம் எழுதச் சொன்னாள். தான் செத்தால் உடலை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தாரிடம்தான் ஒப்படைக்க வேண்டும்.

"உமேஷ் ஒத்துப்பானா?"

"எல்லாம் முடிஞ்சப்புறம் அவனுக்குப் போட்டோ அனுப்புங்க."

சங்கமித்ரா பேனாவை மூடினாள். "யசோதா, அன்னிக்கு நம்மள்ல யாரு இருப்பாங்க?"

இரண்டு பேரும் கூட்டத்துக்கு வருகிறவர்களை விரல்விட்டு எண்ணினார்கள். ஒன்பது பேர். அதில் வயதில் சின்னவள் யசோதாதான், அவளுக்கே ஐம்பத்தெட்டு.

அவள் பேனாவை வாங்கித் திறந்து கையெழுத்துப் போட்டாள்.