வேப்பங்குழை கட்டிய துறை

நேற்றுப் பின்னேரம் பக்கத்து வளவில் யாரோ நுளம்புக்கு வேப்பிலை புகைத்தார்கள். புகை மதிலேறிக் குதித்து எங்கள் குசினிக்குள் வந்தது. என் மனைவி வசந்தி ஜன்னலைச் சாத்தவில்லை. திரும்பி என்னைத்தான் பார்த்தாள். அந்தப் புகையை மூட்டியது நானில்லை என்று சத்தியம் செய்தாலும் நம்பாத பார்வை. அது உங்களுக்கு விளங்க வேண்டுமென்றால் கொரோனாக் காலத்துக்கு ஒருமுறை போய்வர வேண்டும்.

எங்கள் வீடு படுவான்கரையில், வாவி ஓரம். முன்வாசல் தெருவைப் பார்க்கும், பின்வாசல் தண்ணீரைப் பார்க்கும். ஊரடங்கு என்றதும் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். முன் கேற்றைப் பூட்டி, பூட்டையும் திறப்பையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, இனி கிருமி வந்தால் வாவியை நீந்தித்தான் வரவேண்டும் என்று பெருமை பேசினேன்.

கிருமி நீந்தவில்லை. தோணியில் வந்தது.

பாலத்தடியில் பொலிஸ் தடுப்புப் போட்டால் ஊர் என்ன செய்யும்? தோணி ஏறும். அக்கரையில் இருந்து வருகிற தோணிக்குக் கரைதட்டத் தோதான இடம் எங்கள் பின்வளவு. தயிர்ச்சட்டி போகும், கோதுமை மா வரும், கத்தரிக்காய் போகும், காலில் கயிறு கட்டிய கோழி வரும். ஒருநாள் இரண்டு தோணிகளைப் பிணைத்து மோட்டார் சைக்கிளே வந்தது. அதன் சொந்தக்காரன் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு சீற்றிலேயே குந்தியிருந்தான். நடு வாவியில் தோணிகள் முட்டி, "சைட்ட விடுடா! வாவி உங்கட அப்பன்ட வளவா?" என்று சண்டை வேறு. இறங்குகிற ஆளெல்லாம், "அண்ணன், இதால போகட்டா?" என்று மரியாதையாகக் கேட்பார்கள். கேட்கும்போதே எங்கள் கிணற்றடியைத் தாண்டியிருப்பார்கள்.

என் நிலைமையைக் கேளுங்கள். விடிந்ததும் கோப்பியை மணந்து பார்ப்பேன், மணம் தெரிகிறதா என்று. தெரிந்தால் சந்தேகம் போகாது, கருவாட்டை மணந்து பார்ப்பேன். ஆனால் பயம் எனக்கு என்று வெளியில் சொல்ல முடியுமா? வசந்திக்கு மூச்சிழுப்பு, எங்கள் ஊரில் முட்டு என்போம். அதை முன்னுக்கு நிறுத்தினேன். "பொஞ்சாதிக்கு முட்டு வருத்தம், தள்ளிப் போங்க!" என்று கிணற்றடியில் நின்று கத்துவேன்.

"பயம் உங்களுக்கு, பழி என்ட நெஞ்சுக்கா?" என்பாள் அவள்.

எல்லோரிலும் எனக்குக் கிலியூட்டியவர் காசிம் காக்கா. முஸ்லிம் அண்ணன்மாரைக் காக்கா என்பதுதான் எங்கள் பக்கத்துப் பேச்சு. காத்தான்குடியில் இருந்து, இடுப்பில் உடுக்கிற சாரம் மூட்டையோடு வருகிற வியாபாரி. வேலியோரம் மூட்டையை இறக்கிவைத்து, ஆறுதலாக நின்று இருமுவார். அவர் ஒருமுறை இருமினால் நான் இரண்டுமுறை உப்புத்தண்ணீர் கொப்பளிப்பேன்.

அப்படிக் கொப்பளிக்கும்போதுதான் சின்ன வயதில் எனக்கு அம்மாள் வந்தது நினைவில் தட்டியது. அம்மை வருத்தத்தை அம்மாள் என்பதுதான் எங்கள் வழக்கம். வாசலில் கொத்துக் கொத்தாக வேப்பங்குழை கட்டியிருந்தார்கள். அது தொங்கும் மட்டும் ஒரு சனம் படி மிதிக்கவில்லை. கணக்குப் படிப்பிக்க வீடு தேடி வருகிற வாத்தியார்கூடக் கேற்றடியில் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார். என் வாழ்க்கையின் பொற்காலம் அது.

பிறகென்ன, துறையில் இரண்டு கம்பு நட்டுக் குழை கட்டினேன். நாடகத்துக்கு மேளம் வேண்டுமே என்று சட்டியில் நெருப்பெடுத்து வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் காலையும் மாலையும் புகைத்தேன்.

வாவி அடங்கிவிட்டது. வருகிற தோணி குழையைக் கண்டு நிற்கும், கும்பிடும், வேறு கரை தேடிப் போகும். தோணிக்காரன் சின்னராசா தலைப்பாகையை அவிழ்த்தே கும்பிட்டான். நான் பின்வாசலில் கதிரை போட்டு ராசா மாதிரித் தேத்தண்ணீர் குடித்தேன்.

புகை துறையிலேயே நிற்கும் என்று நினைத்தது என் புத்தி. அது வாவிக்காற்றோடு நேரே வசந்தியின் நெஞ்சுக்குள் போனது. ஒரு காலையில் அவளுக்கு முட்டு ஏறியது. வாயில் வைத்து இழுக்கிற மருந்துக் குழலை அமுக்கினாள், வெறும் காற்று. மருந்து அக்கரை டவுனில். பாலத்தால் சுற்றி, தடுப்பில் பொலிசுக்கு விளக்கம் சொல்லிப் போய்வர நேரமாகும், அவளை அவ்வளவு நேரம் தனியே விடவும் முடியாது. தோணியென்றால் கண்முன் தெரிகிற கரை. துறைக்கு ஓடினேன். சின்னராசா தயிர்க்காரி ஒருத்தியை ஏற்றிக்கொண்டு தூரத்தில் போனான்.

"சின்னராசா! கரைக்கு வா! மருந்தெடுக்கப் போகணும்!"

"அம்மாள் இறங்கினாப் பிறகு வாறன் அண்ணன்!"

"அம்மாள் இல்லடா! சும்மா கட்டின குழை!"

"அப்பிடிச் சொல்லப்படாது. அம்மாள் கேட்டுக்கொண்டு இருப்பா."

குழையைப் பிடுங்கி எறிந்தேன். "ஐயோ, அம்மாளுக்குத் தண்ணி வாக்க முன்னம் குழைய அவுக்கப்படாது!" என்று அவன் தோணியை இன்னும் தள்ளிக்கொண்டு போனான்.

அந்த நேரம் பார்த்து வசந்தி பின்வாசலுக்கு வந்துவிட்டாள். தலைமயிர் அவிழ்ந்து கிடக்க, தூணைப் பிடித்துக்கொண்டு, தோள் ஏறி ஏறி இறங்க, 'ஹ்ஸ்... ஹ்ஸ்...' என்று மூச்சு.

"தாயே! அம்மாள் உரு வந்திட்டு!" சின்னராசா தோணிக்குள் விழுந்து கும்பிட்டான். தயிர்க்காரி எழும்பியே நின்றுவிட்டாள். "தாயே, என்ட மகளுக்குக் கலியாணம் எப்ப சரிவரும்?"

வசந்தி, வா வா என்று கையைக் காட்டினாள். "வருதாம்! மாப்பிள வருதாம்!" என்று தயிர்க்காரி அழுதாள். எனக்கு அழவும் நேரமில்லை. வசந்தியின் உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது.

பின்னால் வந்த தோணியில் சாரம் மூட்டையோடு காசிம் காக்கா. கம்பையும் பார்க்கவில்லை, பிடுங்கி எறிந்து கிடந்த குழையையும் பார்க்கவில்லை. வசந்தியின் மூச்சுக்குக் காதைக் கொடுத்து, தன் தோணிக்காரனைப் பார்த்துக் கத்தினார்.

"இது அம்மாள் இல்லடா தம்பி, முட்டு. தோணியக் கரைக்கு விடு!"

தோணி கரை தட்டமுன்னமே முழங்கால் தண்ணீரில் குதித்து வந்தார். சட்டைப் பையில் பிரிக்காத பெட்டி, அதே மருந்துக் குழல், டவுனில் அப்போதுதான் வாங்கியது. "நான் இவ்வளவு நாளும் இருமினது என்னத்துக்கெண்டு நினைச்சீங்க? இந்தாங்க, தங்கச்சிக்குக் குடுங்க. என்ட பழசில இன்னம் கொஞ்சம் கிடக்கு."

நான் கையை நீட்டினேன். பிறகு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் கண் கிணற்றுக்கட்டில் இருந்த சவர்க்காரத்துக்குப் போனது. வசந்தி பெட்டியை அவர் கையிலிருந்தே பறித்துவிட்டாள். ஒரு இழுவை, இன்னொரு இழுவை. தோள் மெல்ல இறங்கியது. மூச்சு வந்ததும் அவள் பேசிய முதல் பேச்சு:

"அந்தச் சவர்க்காரத்த வச்சிட்டு, காக்காக்கு ஒரு தேத்தண்ணி ஊத்துங்க."

அதற்குப் பிறகு கூட்டம் குறைந்ததா என்று கேட்கிறீர்களா? இரண்டு மடங்கானது. அம்மாள் உரு வந்த வீடு என்று வாவி தாண்டியும் கதை போய், எங்கள் துறையில் தேங்காயும் வாழைப்பழமும் சேர்ந்தன. தயிர்க்காரியின் மகளுக்கு மாப்பிள்ளையும் சரிவந்து தொலைத்தது.

இப்போது பாலம் திறந்து கிடக்கிறது. துறையைத் தண்ணீரில் மிதக்கிற ஆற்றுவாழைச் செடி மூடிவிட்டது. கிணற்றடியால் மிதித்து மிதித்துப் போட்ட பாதையில் புல் ஏறிவிட்டது. காசிம் காக்கா ஓட்டோவில் முன்தெருவால் போவார், ஹோர்ன் அடிப்பார், வசந்தி குசினியிலிருந்து பொய்யாக ஒரு இருமல் இருமுவாள், ஓட்டோவுக்குள் இருந்து பதில் இருமல் வரும். நிற்க நேரமில்லை அவருக்கு.

பின்னேரங்களில் பின்வாசலில் கதிரை போட்டு இருக்கிறேன். தண்ணீரில் சளக்கென்று கேட்டால் கழுத்து தானாகத் திரும்பும். மீன்தான். 'இதால போகட்டா?' என்று அத்தனை பேர் கேட்டார்கள், ஒருவருக்கும் நான் 'ஓம், போங்க' என்று சொன்னதில்லை. இப்போது அந்த ஓம் வாய்க்குள் கிடக்கிறது. கேட்கத்தான் தோணி இல்லை.