ஒரு மீட்டர், எட்டுக் குடித்தனம்

ஊரில் எந்த வாசலில் எந்த இரும்பு மூடி எப்படித் திறக்கும் என்பது ரீடிங்கக்காவுக்குத்தான் தெரியும். சிலதை இழுக்க வேண்டும், சிலதை உதைக்க வேண்டும், சிலதிடம் கெஞ்சித்தான் ஆக வேண்டும். உள்ளே பல்லி இருக்கும், சேறு இருக்கும், அதிர்ஷ்டம் கெட்ட நாளில் தேளும் இருக்கும். அதற்கெல்லாம் கீழே தண்ணீர் மீட்டர் இருக்கும். தோளில் கிடக்கும் துணியால் அதைத் துடைத்து, குனிந்து எண்ணைப் படித்து, கையிலிருக்கும் மெஷினில் தட்டிவிட்டு அடுத்த வாசலுக்குப் போவாள். குடிநீர் ஆபீஸில் சேர்ந்த நாளிலிருந்து அதுதான் வேலை. நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஊரில் ஆளே இல்லை, அவளும் அதைப் பற்றி அலட்டிக்கொண்டதில்லை.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போன பிறகு தங்கையை வளர்த்து, படிக்க வைத்து, ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுத்து நிமிர்ந்து பார்ப்பதற்குள் வயசு ஓடிப்போயிருந்தது. யாராவது "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டினால் போச்சு, வெளுத்து வாங்கிவிடுவாள். தங்கை, தங்கையின் புருஷன், பெரியம்மா பெரியம்மா என்று காலைச் சுற்றும் இரண்டு பிள்ளைகள். அவளுடைய உலகம் அவ்வளவுதான், அது அவளுக்குப் போதுமாகவும் இருந்தது.

அந்த வருஷம் ஏரி இறங்கியது. ஊருக்குத் தண்ணீர் கொடுக்கும் ஒரே ஏரி அது. முதலில் கரையில் வெடிப்பு விட்டது. அப்புறம், அணை கட்டியபோது முங்கிப்போன பழைய பாலத்தின் தூண்கள் தலைகாட்டின. ஜனங்கள் குடும்பம் குடும்பமாகப் போய் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். என்ன சந்தோஷமோ! ரீடிங்கக்கா ஒரு தடவை போய்ப் பார்த்தாள், போட்டோ எடுக்காமல் திரும்பிவிட்டாள்.

ஆபீஸில் கட்டணத்தை மாற்றினார்கள். அதுவரை சொட்டுச் சொட்டாய்ப் பிடிப்பவனுக்கும் குளம் குளமாய் இறைப்பவனுக்கும் ஒரே விலை. இனிமேல் குறைவாகச் செலவழித்தால் கிட்டத்தட்ட இலவசம். மாதத்துக்கு இவ்வளவு என்று போட்ட கோட்டைத் தாண்டினால், தாண்டியதற்கெல்லாம் விலை எகிறும். வீணடிப்பவனுக்கு வரியும் சேர்த்து. இதைக் கேட்டு ஊரிலேயே அதிகம் சந்தோஷப்பட்ட ஆள் ரீடிங்கக்காதான். மேட்டுத் தெருவில் ஒரு பங்களா உண்டு. நீச்சல் குளம், புல்வெளி, வாசலில் பகலெல்லாம் கொட்டும் செயற்கை அருவி. அந்த மீட்டரைப் படிக்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "இப்ப வரட்டும் பில்லு, அருவி நிக்குதா இல்லையான்னு பாக்குறேன்" என்று ஆபீஸில் எல்லோர் காதுபடவும் சொன்னாள். வீடு வீடாகப் போய்ப் புதுக் கட்டணத்தை விளக்கியதும் அவள்தான். யாரும் கேட்காமலே செய்தாள்.

தங்கை குடியிருந்தது லைன் வீட்டில். எதிரும் புதிருமாய் எட்டு வீடு, நடுவில் ஒரு முற்றம், முற்றத்தில் ஒரு குழாய். அங்கேயும் போய் நின்று, "உங்களுக்குக் கவலையே இல்ல. ஏழைக்கு இனிமே தண்ணி சும்மா" என்று சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி டீ போட்டுக் கொடுத்தாள்.

முதல் பில் வந்தது. இணைப்பு வீட்டு ஓனர் பேரில்தான், பில்லை எட்டு வீடும் பங்கு போட்டுக் கட்டும். லைன் வீட்டுக்கு வந்த தொகையைப் பார்த்துத் தங்கை போனிலேயே அழுதாள். எட்டுக் குடித்தனமும் எவ்வளவு சிக்கனமாகப் பிடித்தாலும் மீட்டர் ஒன்றுதானே? மெஷினுக்கு அது ஒரே வீடு. ஒரே வீடு இவ்வளவு குடித்தால் குடிகாரன் கணக்குத்தான். மாதம் பாதி ஆவதற்குள் கோட்டைத் தாண்டி, மேல் அடுக்கு விலையில் ஓடிக்கொண்டிருந்தது. மேட்டுத் தெருவுக்குப் போனால் அருவி கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு மூடி இருந்த இடத்தில் வரிசையாக ஐந்து மூடி. தோட்டத்துக்கு ஒன்று, குளத்துக்கு ஒன்று, டிரைவர் அறைக்கு ஒன்று, மகன் பேரில் ஒன்று, மருமகள் பேரில் ஒன்று. ஐந்தும் நல்ல பிள்ளையாய்க் கோட்டுக்குள்ளேயே நின்றன.

"எல்லாம் சட்டப்படிதான் மேடம்" என்றான் பங்களா மேனேஜர், பல்லெல்லாம் தெரிய.

இன்ஜினியரிடம் போனாள். அவர் கெட்டவர் இல்லை. "புரியுதும்மா. ஓனர் ஒரு கையெழுத்துப் போட்டா எட்டு மீட்டரா பிரிச்சுக் குடுத்துடலாம். அவர் போடாம நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். லைன் வீட்டு ஓனரிடம் போனாள். அவர் பல்குத்திக்கொண்டே கேட்டார்.

"தனித்தனி கனெக்‌ஷன் குடுத்தா நாளைக்கு வீடே எங்களுதும்பாங்க. எனக்கென்ன பைத்தியமா? கட்ட முடிஞ்சா இருக்கட்டும், இல்லன்னா காலி பண்ணட்டும். எனக்கு அந்த இடத்துல கடை கட்டணும்."

அப்படி வெளிப்படையாகவே சொல்லிவிட்டார் புண்ணியவான்.

லைன் வீட்டில் குடியிருப்பவர்களே குழாய்க்குப் பூட்டுப் போட்டார்கள். காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம். யார் எத்தனை குடம் பிடிக்கிறார்கள் என்று ஒருத்தரை ஒருத்தர் கண்கொத்திப் பாம்பாய்ப் பார்த்தார்கள். முந்தாநாள்வரை ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மூன்றாம் வீட்டில் குழந்தை பெற்றுப் படுத்திருந்த பெண்ணை, துணி அலசத் தண்ணீர் எடுத்ததற்காகக் கன்னாபின்னாவென்று பேசினார்கள். அன்றைக்கு ரீடிங்கக்கா அங்கே ரீடிங் எடுக்கத்தான் போயிருந்தாள். அந்தப் பெண் வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். தங்கையும் பேசியவர்களில் ஒருத்தி என்று ரீடிங்கக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் வளர்த்த பெண்ணா இப்படிப் பேசுகிறாள்?

குனிந்து மீட்டரைப் படித்தாள். எண்ணைத் தட்ட வேண்டிய விரல் நின்றது. அப்புறம் கோட்டுக்குள் அடங்கும்படியாக ஓர் எண்ணைத் தட்டினாள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவள் தட்டிய முதல் பொய் எண் அதுதான். அடுத்த மாசம் ஏதாவது வழி பிறக்கும், சரிசெய்துகொள்ளலாம் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள்.

அடுத்த மாதம் வழி ஒன்றும் பிறக்கவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. இந்த வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எழுதாமல் விட்ட தண்ணீர் எங்கேயும் போய்விடாது. மீட்டருக்குள்ளேயே இருக்கும். அவள் தட்டும் எண் ஒரு பக்கம் நொண்டிக்கொண்டு வர, மீட்டரில் இருக்கும் எண் முன்னால் ஓடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவை மூடியைத் திறக்கும்போதும் இடைவெளி பெரிதாகியிருந்தது. அவசரமாக மூடியைப் போட்டுவிட்டு அடுத்த வாசலுக்கு நகர்வாள்.

தங்கையிடம் விவரம் எதுவும் சொல்லவில்லை. "கவலப்படாதடி, நான் இருக்கேன்ல" என்று மட்டும் சொன்னாள். அது போதாதா? "எங்க அக்கா பாத்துப்பா" என்று தங்கை முற்றம் பூராவும் தம்பட்டம் அடித்துவிட்டாள். பில் குறைந்தது. பூட்டு கழன்றது. மூன்றாம் வீட்டுப் பெண்ணிடம் எல்லோரும் மறுபடி சிரித்துப் பேசினார்கள், அவள் குழந்தையை மடி மாற்றி மடி மாற்றிக் கொஞ்சினார்கள். அதைப் பார்த்து, செய்தது தப்பில்லை என்றுகூட ரீடிங்கக்கா நினைத்தாள். அப்புறம் குழாய் சொட்ட ஆரம்பித்தது, யாரும் வாஷர் மாற்றவில்லை. குடம் நிரம்பி வழிந்தது, யாரும் ஓடிவரவில்லை. கடைசி வீட்டுக்காரன் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, தெருவிலிருக்கும் வண்டிகளையெல்லாம் கழுவிக் கொடுத்துச் சம்பாதிக்கத் தொடங்கினான்.

"ஏம்ப்பா, ஏரியில போய்ப் பாத்தியா? பாலம் முழுசா வெளிய வந்துருச்சு. குழாய மூடு!" என்று கத்தினாள் ரீடிங்கக்கா.

"என்னக்கா, பில்லு கம்மியாத்தானே வருது? நாம அப்படி ஒண்ணும் செலவழிக்கலியே!"

கழுவிய தண்ணீர் அவள் செருப்பைச் சுற்றிக்கொண்டு சாக்கடைக்குப் போனது.

ஒரு நாள் அவள் தெருமுனையில் வரும்போது, லைன் வீட்டு ஓனர் மீட்டர் குழியருகே குந்தியிருந்தார். மூடி திறந்திருந்தது. வெகுநேரம் உள்ளே பார்த்தார். பிறகு கையிலிருந்த பில்லைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மூடியைப் பதமாக வைத்துவிட்டு, இவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை.

மழைக்காலம் என்று பேர், நாலு தூறல் போட்டு நின்றுவிட்டது. குழாயில் வரும் தண்ணீரில் மண் வாடை அடித்தது. அந்தச் சமயத்தில்தான் ஆபீஸில் புது மீட்டர் வந்து இறங்கியது. தானே ரீடிங்கை அனுப்பிவிடும் மீட்டர், ஆள் போக வேண்டாம். பழையதைக் கழற்றும்போது கடைசி எண்ணைப் படம் எடுத்து அனுப்பிவிட வேண்டும், மீதியைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்.

லைன் வீட்டுக்கு வந்த ஃபிட்டர் அவளுடன் பல வருஷம் வேலை பார்த்தவர். அவள் அவரை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, மீட்டர் நின்னுபோச்சுன்னு போட்டுட முடியுமா?"

அவர் அவளையே பார்த்தார். "நீயாம்மா இதக் கேக்குற?"

"கேக்குறேன்."

"படம் நேரா போயிடும்மா. என் கையில ஒண்ணுமில்ல" என்றவர், உள்ளே குனிந்து எண்ணைப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் போன போக்கே சரியில்லை. படம் எடுத்தார். போய்விட்டது.

இனி நடக்கப்போவது ரீடிங்கக்காவுக்கு மனப்பாடம். இத்தனை மாதம் மறைத்த தண்ணீர் முழுவதும் இந்த ஒரே மாதத்தில் குடித்ததாகக் கணக்காகும். அத்தனையும் உச்ச அடுக்கு விலையில் விழும். ஒவ்வொரு மாதமும் நிஜ எண்ணையே போட்டிருந்தால் வந்திருக்கும் தொகையைவிடப் பல மடங்கு வரும். அவள் இரக்கப்பட்டு இறக்கிய சுமையெல்லாம் வட்டியோடு அவர்கள் தலையில் ஏறும்.

ஒரு வழி இருந்தது. பில் வருவதற்கு முன்னால் இன்ஜினியரிடம் போய், "தப்பா போட்டது நான்தான்" என்று சொன்னால் மாதாமாதம் பிரித்துத் திருத்துவார்கள். வேலை போகும். ஓய்வு பெறக் கொஞ்ச காலமே பாக்கி, பென்ஷனும் போகலாம். ஆபீஸ் வாசல்வரை ஒரு நாள் போனாள், திரும்பினாள். மறுநாள் இன்ஜினியர் அறைக்குள்ளேயே போய்விட்டு, லீவு கேட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பயம்தான், வேறென்ன? யாருக்காகப் பொய் எண் போட்டாளோ அவர்களுக்காக நிஜத்தைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

பில் வந்தது. ஓனர் அதைக் கட்டவில்லை, குடியிருப்பவர்களிடம் காட்டிவிட்டுச் சும்மா இருந்தார். எட்டு வீட்டுச் சம்பளத்தைக் கொட்டினாலும் அந்தத் தொகை தேறாது. கடைசி வீட்டுக்காரனை எல்லோரும் சேர்ந்து அடிக்கப் போனார்கள். தவணை தாண்டியதும் ஆபீஸ் ஆள் வந்து இணைப்பைத் துண்டித்தான். குழாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது.

அன்றைக்குத்தான் ரீடிங்கக்கா போய்ச் சொன்னாள். இன்ஜினியர் மெஷினையும் அடையாள அட்டையையும் மேஜைமேல் வைக்கச் சொன்னார்.

"பில்ல திருத்திடலாம். ஆனா அறுத்த இணைப்ப திரும்பக் குடுக்க ஓனர் விண்ணப்பம் வேணும்மா."

ஓனர் வீட்டுக்கு ஓடினாள். காலில் விழாத குறை. "அன்னிக்கே குழிக்குள்ள பாத்தேன். நல்லா பொய் எண்ணு போடுங்கன்னு விட்டுட்டேன். அவங்கள காலி பண்ண வைக்கிற வக்கீல் செலவு எனக்கு மிச்சம்" என்றார் அவர். கையெழுத்துப் போடவில்லை.

தண்ணீர் இல்லாத வீட்டில் யார் இருப்பார்கள்? மூன்றாம் வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு முதலில் போனாள். அப்புறம் ஒவ்வொன்றாய்க் கதவுகள் சாத்தப்பட்டன. தங்கை சாமான் ஏற்றிய அன்று ரீடிங்கக்கா போய் நின்றாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். தங்கையின் புருஷன் கயிறு கட்டுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டான். பிள்ளைகள் பெரியம்மாவிடம் ஓடிவர, தங்கை அவர்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

"முதல் மாசமே பூட்டு போட்டோமேக்கா. சண்ட போட்டோம், நாறினோம், ஆனா கோட்டத் தாண்டினாலும் கட்டுற அளவுக்குக் கொண்டுவந்துட்டோம். நீதான் பூட்டத் தொறந்துவிட்ட" என்றாள் தங்கை.

"உங்களுக்காகத்தானேடி..."

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நாங்களே குழாய மூடியிருப்போமே!"

வண்டி கிளம்பியது. என் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று கூப்பிடத்தான் அவள் வந்திருந்தாள். கூப்பிட வாய் வரவில்லை, தங்கையும் அவள் பக்கம் திரும்பவில்லை.